இதர செலவு: உளவுத்துறைக் கணக்கை யார் பார்ப்பது?

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலைச் சுவரில் ஒரு தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறது. போன திருவிழாவின் வரவு செலவு. பந்தல், மைக்செட், செண்டமேளம், அன்னதான அரிசி, வாழையிலை என்று வரிசையாகப் போய், கடைசிக்கு முந்தின வரியில் "இதர செலவு 18,500" என்று நிற்கும்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்த ஒரே கேள்வி அந்த வரியைப் பற்றித்தான். செயலாளர் எழுந்து, "அது ஒரு வீட்டுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தது. எந்த வீடுன்னு மைக்குல சொல்ல முடியாது. நீங்களே ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்க, நோட்டைக் காட்டுறேன்" என்றார். ஊர் அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர், செயலாளர் தேர்தலில் அவரிடம் தோற்றவர். இருவரும் உள்ளே போய், நோட்டைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். "கணக்கு சரி" என்று தோற்றவர் சொன்னதும் கூட்டம் கலைந்தது. அந்த வீடு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வாசகசாலையில் பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். முப்பது வருடம் டிரஷரியில் பில் பார்த்தவன் என்பதால் பட்ஜெட் பாடம் என் தலையில். போன மாதம் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "சாரே, ரா அமைப்புக்கு எவ்வளவு பணம் போகுதுன்னு யாருக்குத் தெரியும்? எம்.பி.க்குத் தெரியுமா?" அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவளுக்கும், அவளைப் போலக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து இப்போது முழுதாக எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். உள்நாட்டுக்கு இன்டலிஜென்ஸ் பீரோ, சுருக்கமாக ஐ.பி. 1887இல் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கியது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வெளிநாட்டுக்கு ரா. சீனப் போருக்கும் பாகிஸ்தான் போருக்கும் பிறகு, 1968 செப்டம்பரில் ஐ.பி.யிலிருந்து பிரித்து உருவாக்கினார்கள். ஆர்.என். காவ் அதன் முதல் தலைவர். ரா அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இருக்கிறது, பிரதமருக்குப் பதில் சொல்கிறது. மின்னணு வழியில் தகவல் சேகரிக்க 2004இல் என்.டி.ஆர்.ஓ. வந்தது. இவை தவிர ராணுவத்துக்கும் வருவாய்த் துறைக்கும் தனித்தனி உளவு அமைப்புகள் உண்டு.

இனி பணம் நடக்கும் பாதை. டெல்லி கஜானாவில் இருக்கும் ஒரு ரூபாயைக்கூட நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் எடுக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 266ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கஜானாவின் பெயர் இந்தியத் தொகுப்பு நிதி. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் வைத்த பிறகு, ஒவ்வொரு அமைச்சகமும் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று மக்களவையில் மானியக் கோரிக்கை வைக்கும். இது 113ஆவது பிரிவு. அவை ஒத்துக்கொண்டால், 114ஆவது பிரிவின்படி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறும். அப்புறம்தான் பணம் வெளியே வரும். கொடுக்கிற அதிகாரம் மக்களவையின் கையில் இருக்கிறது என்பதே இதற்குப் பொருள். பிடிக்காவிட்டால் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். முழுக் கோரிக்கையையும் ஒரே ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வது ஒரு வகை. நூறு ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்லி ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவது இன்னொரு வகை.

உளவுத்துறைப் பணமும் இதே வாசல் வழியாகத்தான் போகிறது. உள்துறை அமைச்சகத்தின் காவல்துறைக் கோரிக்கையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் கோரிக்கை அது. அந்தப் பெண்ணை உட்காரவைத்து, என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., டெல்லி போலீஸ் என்று போகிற பட்டியலுக்கு நடுவே இன்டலிஜென்ஸ் பீரோவும் ஒரு வரி. சமீப வருடங்களில் அது மூவாயிரம் கோடியைத் தாண்டியிருக்கிறது. அந்தத் தொகை எதற்கெல்லாம் போகிறது என்ற விவரம் அங்கே கிடையாது. "ரா எங்கே சாரே?" என்றாள். அந்தப் பெயரில் வரியே இல்லை, அதன் பணம் வேறு தலைப்புகளுக்குள் கலந்து போகிறது என்றேன். திருவிழாக் கணக்கில் "இதர" என்ற வரியாவது இருந்தது. இங்கே அந்த வரியையும் காணோம்.

சரி, காட்டிய அந்த ஒரு வரியையாவது எம்.பி.க்கள் விவாதிக்கிறார்களா? அமைச்சகங்கள் நிறைய இருக்கின்றன, நாட்கள் குறைவு. ஒவ்வொரு வருடமும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளை மட்டும் எடுத்துப் பேசுவார்கள். மிச்சம் உள்ளதையெல்லாம் கடைசி நாளில் ஒன்றாகச் சேர்த்து ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவார்கள். அதற்குக் கில்லட்டின் என்றே பெயர். 2018இலும் 2023இலும் அமளிக்கு நடுவே எல்லாக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் நிறைவேறின. டிரஷரியில் ஒரு கிராம அலுவலகத்தின் பேனா, பேப்பர் பில்லுக்குக்கூட நான் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவைக்கு வெளியே குழுக்கள் இருக்கின்றன. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். உள்துறைக்கான குழு, காவல்துறைக் கோரிக்கையை எடுத்துவைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும். 2016இல் பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலுக்குப் பிறகு, முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்க முடியாமல் போனது ஏன் என்று இந்தக் குழு காட்டமாகவே கேட்டது. ஆனால் ஐ.பி.யின் உள்நோட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரம் இதற்குக் கிடையாது. ரா இதன் எல்லைக்குள்ளேயே வராது.

செலவு முடிந்த பிறகு பார்ப்பது தணிக்கை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்துக்குப் போகும். பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராயும். 22 பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவராக இருந்துவருகிறார். மிக நல்ல வழக்கம், எங்கள் ஊர் தோற்ற வேட்பாளரை அனுப்பியதும் அதே அறிவோடுதான். ஆனால் நோட்டு அவர்கள் கைக்கு வந்தால்தானே? அரசுக் கணக்கில் "ரகசியப் பணிச் செலவு" என்று ஒரு தலைப்பு உண்டு. மற்ற எந்தச் செலவுக்கும் வவுச்சர் வேண்டும், ரசீது வேண்டும், யார் வாங்கினார் என்ற கையெழுத்து வேண்டும். இந்தத் தலைப்புக்கு மட்டும், பணம் உரிய காரியத்துக்கே செலவானது என்று பொறுப்பான அதிகாரி ஒருவர் சான்று கொடுத்தால் போதும். தகவல் தந்தவரிடம் ரசீது கேட்டால் அவர் உயிருக்கு ஆபத்து, அதனால் இந்த விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சான்று கொடுக்கிறவரும் அதே துறைக்காரர் என்பது என்னை எப்போதும் உறுத்தியிருக்கிறது. வவுச்சர் பார்த்தே பழகிய கண் இது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஐ.பி.யையும் ரா அமைப்பையும் உருவாக்கி, அவற்றின் வேலை இது, எல்லை இது என்று சொல்லும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டும் அரசு உத்தரவின் பலத்தில் இயங்குகின்றன. 1985இல் ஒரு சட்டம் வந்தது. அது உளவு அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் வைப்பதையும் பத்திரிகைக்குப் பேசுவதையும் கட்டுப்படுத்துகிற சட்டம், அமைப்பைக் கண்காணிக்கிற சட்டம் இல்லை. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர மற்றவற்றில் இவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டது.

எங்கள் எல்லைக்காரர்களிடம் உளவுத்துறை எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு, களியக்காவிளை செக்போஸ்ட்டில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் தீவிரவாதத் தொடர்பு உள்ளவர்கள் என்பதால் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.விடம் போனது. தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடம் அது. இங்கிருந்து மீன் வாங்கவும் கல்யாண வீட்டுக்கும் அந்தப் பக்கம் போகாத நாள் கிடையாது. 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு போனபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். எங்கள் சொந்தபந்தம் பாதி அந்தப் பக்கம்தான். அன்று இரவு இரண்டு பக்கமும் ஒரே பயம். முன்கூட்டியே தகவல் சேகரிக்கிறவர்கள் வேண்டும். அவர்களுக்குப் பணமும் வேண்டும், ரகசியமும் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இதே மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு. நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்த தமிழர், இஸ்ரோவில் திரவ எரிபொருள் எஞ்சின் துறையின் முன்னோடி. 1994 நவம்பரில், ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று சொல்லிக் கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. ஐ.பி. அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். 50 நாள் சிறை. 1996இல் சி.பி.ஐ., குற்றச்சாட்டு பொய் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. 1998இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை முடித்துவைத்தது. கைதே தேவையற்றது என்று சொல்லி அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல். பொய்யாகச் சிக்கவைத்தது யார் என்ற விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது 2021இல். கைதான நாளிலிருந்து எண்ணினால் 26 வருடத்துக்கு மேல்.

அந்த 26 வருடத்தில் தவறு செய்ததாகச் சொல்லப்பட்ட போலீஸ் அதிகாரிகளைச் சட்டமன்றத்தில் கேட்கலாம், கேட்டார்கள். அந்த விசாரணை அறையில் ஐ.பி. என்ன செய்தது, யார் உத்தரவில் செய்தது என்று கேட்டுக் கோப்பை வரவழைத்துப் பார்க்க நாடாளுமன்றத்தில் ஒரு குழு இருந்ததா? இல்லை. ஒரு தனிமனிதர் தன் ஆயுளில் பாதியைக் கோர்ட்டில் செலவழித்து அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களும் நம் நிலைமையில்தான் இருந்தார்கள். அவர்களுடைய வெளிநாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ. 1947இல் உருவானது. 1949இன் சட்டம், அதன் பணத்தை மற்ற துறைகளின் கணக்குக்குள் மறைத்துவைக்கவும், ரகசியச் செலவுக்குத் தலைவரின் சான்று போதும் என்று முடிக்கவும் அனுமதித்தது. அரசுப் பணத்தின் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே வரி இருக்கிறது. 1960களின் கடைசியில் பென்சில்வேனியாக்காரர் ஒருவர் அந்த வரியைக் காட்டி, சி.ஐ.ஏ. கணக்கு எங்கே என்று டிரஷரிக்குக் கடிதம் எழுதினார். கேட்ட கணக்கு கிடைக்காமல் கோர்ட்டுக்குப் போனார். வரி கட்டுகிற ஒருவர் என்பதற்காக இந்த வழக்கைப் போட முடியாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. எங்கள் பிளஸ் டூ பெண் கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே கேள்வி.

1975இல் காற்று திரும்பியது. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் ஒரு குழு உளவு அமைப்புகளின் கோப்புகளைத் திறந்தது. சொந்தக் குடிமக்களின் தபாலைப் பிரித்துப் படித்தது, மார்ட்டின் லூதர் கிங்கை வேவு பார்த்து மிரட்டியது, கியூபாவின் காஸ்ட்ரோவைக் கொல்லச் சதி செய்தது எல்லாம் வெளியே வந்தன. அதன் பலனாக 1976இல் செனட்டிலும் 1977இல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் அமைந்தன.

அவை எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் நமக்குப் பாடம். பணம் இரண்டு படி ஏற வேண்டும். உளவுக் குழுக்கள் வருடாந்திர அனுமதிச் சட்டத்தைத் தயாரிக்கும். எந்த அமைப்பு என்ன செய்யலாம், அதற்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று அது சொல்லும். ஒதுக்கீட்டுக் குழுக்கள் தனியாகப் பணத்தை ஒதுக்கும், பெரும்பாலும் பாதுகாப்புத் துறை மசோதாவுக்குள் வைத்து. சட்டத்தின் வாசகம் வெளியே தெரியும். யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணை ரகசியப் பின்னிணைப்பில் இருக்கும். பாதுகாக்கப்பட்ட அறைக்குள், போனை வெளியே வைத்துவிட்டுப் போய்த்தான் உறுப்பினர்கள் அதைப் படிக்க முடியும். எங்கள் செயலாளர் நோட்டைக் காட்டிய உள்ளறையின் பெரிய வடிவம்தான் அது. செனட் குழுவில் துணைத்தலைவர் பதவி எப்போதும் எதிர்த்தரப்புக்கு.

மொத்தத் தொகையைச் சொன்னாலே எதிரிக்கு உதவி என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். 1997இல் ஒரு வழக்கின் நெருக்கடியில் முதல்முறையாக 2,660 கோடி டாலர் என்று சொன்னார்கள். அப்புறம் மறுபடி வாயை மூடிக்கொண்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையமே மொத்தத் தொகையை வெளியிடச் சொன்னது. 2007இன் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்த வருடத் தேசிய உளவுத் திட்டத்துக்கு 4,350 கோடி டாலர். 2023இல் அது 7,170 கோடி டாலர், ராணுவ உளவு தனி. இத்தனை வருடமாக இந்த எண் வெளியே வருகிறது. அதனால் எந்த உளவாளியும் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் குழுக்களை ஏய்க்கவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. நிகராகுவாவின் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று 1984இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. வெள்ளை மாளிகைக்காரர்கள் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அங்கே அனுப்பினார்கள். 1986இல் குட்டு உடைந்தது. கஜானாச் சாவி கையில் இருந்தால் மட்டும் போதாது, பின்வாசலில் வேறு பணம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது. 2014இல் சி.ஐ.ஏ.வின் சித்திரவதைகளைப் பற்றி செனட் குழு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குழுவின் கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே சி.ஐ.ஏ. நுழைந்து பார்த்தது. அதன் தலைவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அப்படியும் அறிக்கையின் சுருக்கம் அந்த டிசம்பரில் வெளிவந்தது. குழு என்று ஒன்று இல்லாமலிருந்தால் அந்தச் சுருக்கமும் கிடையாது.

பிரிட்டனில் 1994இன் சட்டப்படி ஒரு நாடாளுமன்றக் குழு இருக்கிறது. 2013இல் அதன் அதிகாரம் கூடியது. ஒன்பது பேர், இரு அவைகளிலிருந்தும். ஜெர்மனியில் கண்காணிக்க ஒரு குழு, உளவு அமைப்புகளின் பட்ஜெட்டை மூடிய அறையில் பார்க்கத் தனியாக இன்னொரு சின்னக் குழு.

நம் நாட்டில் யாரும் யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். 2010இல் ஆர்.என். காவ் நினைவுச் சொற்பொழிவில், உளவுக்காரர்கள் நிறைந்த சபையிலேயே, அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஹமீத் அன்சாரி நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டும் என்று பேசினார். 2011இல் எம்.பி. மணீஷ் திவாரி உளவு அமைப்புகளுக்குச் சட்ட அடித்தளமும் கண்காணிப்பும் தர ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கும் 2016இல் தள்ளுபடியானது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விஷயத்தில் அவசரம் காட்டியதில்லை. ஆளும்போது வசதியாக இருப்பதை எதிர்க்கட்சியானதும் மட்டும் நினைத்துப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து.

எம்.பி.க்களிடம் ரகசியம் நிற்காது என்பார்கள். அதற்கு என் பதில், எல்லா எம்.பி.க்கும் காட்டச் சொல்லவில்லை என்பதுதான். பத்துப் பதினைந்து பேர் போதும். ரகசியக் காப்புப் பிரமாணம் எடுக்கட்டும், மீறினால் தண்டனை இருக்கட்டும், நடந்துகொண்டிருக்கிற நடவடிக்கைகளின் பெயர்களைக் கேட்காமல் முடிந்தவற்றின் கணக்கைக் கேட்கட்டும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். மொத்தத் தொகை ஒன்று மட்டும் வெளியே வரட்டும். எதை ரகசியமாக வைப்பது என்பதும் யாருக்குக் கணக்குச் சொல்வது என்பதும் ஒரே கேள்வி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் உள்ளே உழைக்கிற நல்ல அதிகாரிக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகும். தவறான உத்தரவு வந்தால் "இதைக் குழு கேட்கும் சார்" என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தையாவது வேண்டாமா?

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லி முடித்தபோது அந்தப் பெண், "எம்.பி.க்கு எழுதலாமா சாரே?" என்றாள்.

"எழுது மக்கா."

"எந்த எம்.பி.க்கு?"

அவள் வீடு பாறசாலையில் இருப்பதால் திருவனந்தபுரம் தொகுதி. அம்மா வீடு களியக்காவிளையில், அது கன்னியாகுமரி தொகுதி. இரண்டு பேருக்கும் எழுதச் சொன்னேன். ஒரே கடிதத்தை இரண்டு தாளில் எழுதினாள். மானியக் கோரிக்கையின் அந்தப் பக்கத்தை வாசகசாலைக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்து, ஐ.பி. வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, இரண்டு கவரிலும் வைத்து ஒட்டினாள்.